தப்பாகச் செய்து பார்த்தவள்

பெரிய நாத்தனாரின் காதில் அந்தப் பெயர் முதன்முதலாக விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போனில். அன்றைக்கு அவள் இன்னும் யாருக்கும் நாத்தனார் ஆகவில்லை. தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஊசி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். அந்தப் பக்கம் கடைக்குட்டித் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் தொண்டை கட்டிவிடும் என்பது போலவே அத்தனை வயசும் வாழ்ந்தவன். அன்றைக்கு நிறுத்தாமல் பேசினான்.

“யூனிவர்சிட்டி லிஃப்ட்டுல ஒருத்தங்க மாட்டிக்கிட்டாங்க, பெரியக்கா. போய்த் திறந்து விட்டேன். மத்தவங்கன்னா தண்ணி கேப்பாங்க, இல்லன்னா நம்மளத் திட்டுவாங்க. இவங்க, ‘திறக்கறதுக்கு முன்னாடி கதவுல கையை வச்சுக்கிட்டு நின்னீங்களே, எதுக்கு?’ன்னு கேக்கறாங்க. நான் நிக்கவே இல்லைன்னேன். ‘நின்னீங்க, இடுக்கு வழியாப் பாத்தேன்’ங்கறாங்க.”

“நின்னியா?”

“நின்னிருப்பேன் போல. எனக்கே தெரியல.”

“சரி, அப்புறம்?”

“அப்புறம் திரும்ப உள்ள போய் நின்னுக்கிட்டு, ‘இன்னொரு வாட்டி திறங்க, பாக்கறேன்’னுட்டாங்க. அவங்க வேலையே அதானாம். யாராவது வேலை செஞ்சா பக்கத்துல உக்காந்து பாக்கறது. அங்க எல்லாரும் அவங்களை வேடிக்கைன்னுதான் கூப்பிடறாங்க.”

“வேடிக்கை பாக்கறதுக்குச் சம்பளமா? நம்ம சித்தப்பாவுக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா பெரிய பணக்காரர் ஆயிருப்பார்.”

தம்பி சிரிக்கவில்லை. பெரியவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, போனைக் கையில் எடுத்தாள்.

“ஏன்டா, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. தொண்டை கட்டிவிட்டது. தனக்கு நாத்தனார் பதவி வரப்போகிறது என்று பெரியவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதே போல வந்தும் சேர்ந்தது.

வேடிக்கை முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நிரந்தர வேலை. பக்கத்து வகுப்பில் அவளைவிட மூத்த டீச்சர் ஒருவர். இருவரும் ஒரே புத்தகத்தை ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் சொல்லித்தருவார்கள். ஆனால் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி வளைக்கும் பாடம் வந்தால், அந்த டீச்சரின் பிள்ளைகள் கையில் குழாய் வளையும்; இவள் பிள்ளைகள் கையில் ஒடியும். “நீங்க கூடுதலா என்னதான் சொல்லித்தர்றீங்க?” என்று கேட்டாள். “நீ சொல்றதைத்தான் நானும் சொல்றேன்” என்றார் அந்த டீச்சர். பொய் சொல்கிறவர் இல்லை. இந்த விஷயம் வேடிக்கையின் மண்டைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்ததில் ஒருநாள் பிடிபட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த டீச்சர் குழாயைத் தீயில் உருட்டிக்கொண்டே இருந்தார். வாய் பாடம் சொன்னது. விரல் வேறொரு பாடம் சொன்னது. பிள்ளைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் அது தெரியாது.

அதோடு விட்டிருக்கலாம். மற்றவர்கள் விட்டிருப்பார்கள். வேடிக்கை வேலையை விட்டாள்.

பல்கலைக்கழகத்தில் போய், செய்யத் தெரிந்தும் சொல்ல வராத அறிவு எது என்று ஆராய்ச்சி செய்கிறேன் என்றாள். ஒரு துறையில் மட்டும் இல்லை, ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாத நாலு துறைகளில். அவர்களும் சரி என்று ஒரு தற்காலிக வேலையும், நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் சுவர் தெரியும், வேறொன்றும் தெரியாது. எழுதி முடித்ததைத் தேர்வுக் குழு ஒத்துக்கொண்டால் வேலை நிரந்தரம். திருப்பி அனுப்பினால் வேலையும் போகும், அறையும் போகும். இதைக் கல்யாணத்துக்கு முன்பே லிஃப்ட் மெக்கானிக்கிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

“நம்ம பொழைப்பும் அதான். மேலயும் போகும், கீழயும் போகும்” என்றான் அவன். இருவருக்கும் நாற்பதைத் தொடுகிற வயசு. பேச்சு அங்கேயே முடிந்தது.

இந்தக் குடும்பத்தில் படிப்பு என்பது தூரத்துச் சொந்தம் மாதிரி. பெரியப்பாவின் இரண்டாவது மகள் வழியில் ஒரு பேரன் காலேஜுக்குப் போனான். போனவன் போனவன்தான், கல்யாணப் பத்திரிகைகூட வரவில்லை. அதனால் படித்த மருமகள் என்றதும் இரண்டு நாத்தனார்களும் கொஞ்சம் விறைப்பாகவே இருந்தார்கள். பெரியவள் தையல் கடை. நடுவாள் பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்ட்டர். வாயைத் திறந்தால் பின்னால் வரிசையே நின்றுவிடும்.

கல்யாணமான புதிதில் வேடிக்கை தையல் கடைக்கு வந்தாள். “நான் கொஞ்சம் தைச்சுப் பாக்கட்டுமா அக்கா?” என்றாள். பெரியவள் மிஷினில் உட்காரவைத்தாள். வேடிக்கை துணியை ஊசிக்கடியில் கொடுத்தாள். கொடுத்தவள், அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோய்த் துணியைப் பிடித்து இழுத்தாள். பட்டென்று அவள் புறங்கையில் ஒரு அடி விழுந்தது. அடித்துவிட்டுத்தான் பெரியவளுக்குத் தெரிந்தது, தான் அடித்தது புது மருமகளை என்று.

“இழுத்தா ஊசி வளைஞ்சிடும்மா” என்றாள், குரலை இறக்கி.

வேடிக்கையின் முகம் மலர்ந்துபோயிருந்தது. “இழுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே அக்கா.”

“அதை வேற தனியாச் சொல்லணுமா?”

“அதான் அக்கா. அதான் எனக்கு வேணும்.”

நடுவாள் தம்பியை ஓரமாகக் கூப்பிட்டாள். “அடி வாங்கிட்டுச் சிரிக்கிறா. நல்லாப் பாத்துத்தான் கட்டினியா?”

“அவ வேலையே அதான்கா” என்றான் தம்பி.

வேலைதான். அதைக் கண்டுபிடித்தது அவளேதான், யாரும் சொல்லித்தரவில்லை. கை தேர்ந்த ஒருவரிடம் போய், எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வார். செய்து காட்டுங்கள் என்றால் கண்ணுக்குச் சிக்காத வேகத்தில் செய்துவிடுவார். ஆனால் அவர் கண் முன்னால் அதையே தப்பாகச் செய்தால் அவரால் பொறுக்க முடியாது. எங்கேயோ ஒரு இடத்தில் அவர் கை தானாக நீளும். எங்கே கை நீள்கிறதோ அங்கேதான் அவர் சொல்லாமல் விட்டது இருக்கிறது. எனவே வேடிக்கை தப்புச் செய்யப் பழகினாள். நன்றாகச் செய்யப் பழகுவதைவிட அது கஷ்டம். ஒவ்வொரு தப்பையும் தனித்தனியாகப் பிரித்து, மற்றதையெல்லாம் சரியாக வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் கெடுக்க வேண்டும்.

மண் துறைப் பேராசிரியர் பருத்த ஆள். உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நாடா மாதிரி நீட்டி, அது எவ்வளவு நீளத்தில் முறிகிறது என்று பார்த்தே களிமண் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். “சும்மா பிசைஞ்சுப் பாத்தாத் தெரியும்மா, இதுல என்ன இருக்கு” என்பார். வேடிக்கை பிசைந்தாள். விரலைத் தப்பாக வைத்தாள்; பேசாமல் இருந்தார். மண்ணைக் கூடுதலாக எடுத்தாள், பேசாமல் இருந்தார். தண்ணீரை மடமடவென்று ஊற்றினாள். பேராசிரியரின் கை பாய்ந்து வந்து குவளையைப் பிடுங்கியது. “சொட்டுச் சொட்டா விடணும்மா, அது வாங்கிக்கற வரைக்கும் நிக்கணும்” என்றார். சொன்னபிறகு, தன் வாயிலிருந்தா வந்தது என்பது போல அவளைப் பார்த்தார். அத்தனை வருஷம் வகுப்பெடுத்தும் அதைச் சொன்னதில்லையாம்.

வயலின் ஆசிரியருக்குக் கை நீளாது, மரியாதைக்காரர். வேடிக்கை சுருதி சேர்க்க, தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகினாள். திருகும்போதே உள்பக்கமாக அழுத்தாமல் விட்டாள். பிருடை நழுவுவதற்கு முன்பே அவருடைய இடது தோள் காதுவரை ஏறிவிட்டது.

கணிதப் பேராசிரியரிடம்தான் திண்டாடினாள். அவளுக்குக் கணக்கில் தப்புச் செய்யத் தெரியாது; தெரியாததில் எப்படித் தப்புச் செய்வது? அதனால் அவர் எழுதிய நிரூபணம் ஒன்றை நடுவில் ஒரு படி விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தாள். அவர் தாளைக் கையில் வாங்கியதுமே முகத்தைச் சுளித்தார்.

“நீங்க இன்னும் படிக்கவே இல்லையே சார்.”

“படிச்சா ஏமாந்துடுவேன். பாத்தாலே ஒரு வாடை வருது.”

மண்காரர் அதை விரல் என்பார். வயலின்காரர் ஞானம் என்பார். கணக்குக்காரர் வாடை என்பார். ஒவ்வொருவருக்கும் தன்னுடையதுதான் அறிவு, அடுத்தவருடையது வெறும் பழக்கம். சாப்பாட்டு மேஜையில் இதற்கு மூவரும் சண்டையே போடுவார்கள். மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்த்தவள் வேடிக்கை ஒருத்திதான். பல்கலைக்கழகத்து வாசல்காரர்கூட “தப்பு மேடம் வந்துட்டாங்க” என்று கதவைத் திறந்துவிடுகிற அளவுக்கு அவள் பேர் பரவிவிட்டது.

நாலாவது துறை நர்சிங். எழுந்து உட்கார முடியாத நோயாளியைப் படுக்கையில் ஒருக்களித்துத் திருப்பிப் படுக்கவைப்பதில் வார்டின் பெரிய சிஸ்டரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் நோயாளியிடம் போய் வேண்டுமென்று தப்புச் செய்ய முடியாது, அது பாவம். எனவே பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியை நோயாளியாகப் படுக்கவைத்தார்கள். வேடிக்கை ஒவ்வொரு தப்பாகச் செய்தாள். கையை மாற்றி வைத்தாள், அவசரப்பட்டாள், எண்ணாமல் தூக்கினாள். பெரிய சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை நீளவில்லை. தோள் ஏறவில்லை. முகம் சுளிக்கவில்லை.

வேடிக்கை தன் ஆராய்ச்சியில் இப்படி எழுதினாள்: நோயாளியைத் திருப்பும் வேலையில் சொல்லாமல் விடுபட்டது ஏதும் இல்லை, தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவளுக்கே அது ஆச்சரியம்தான். ஆனால் கண்ணால் கண்டதை எழுத வேண்டும் இல்லையா. நர்சிங் கல்லூரித் தலைவி அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, இதுதான் முழு ஆராய்ச்சியிலும் உருப்படியான பகுதி என்று எழுதிக் கொடுத்தார். அதோடு விடவில்லை. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்றால், மாணவிகள் வார்டில் கழிக்கும் மாதங்களைக் குறைத்துவிட்டு வகுப்பறையில் படம் போட்டுக் காட்டியே முடித்துவிடலாமே என்று ஏற்பாடும் தொடங்கிவிட்டார்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட் மெக்கானிக் விழுந்தான்.

ஊரிலிருக்கும் லிஃப்ட்டையெல்லாம் பழுதுபார்க்கிறவன், லிஃப்ட்டே இல்லாத தன் வீட்டு மாடிப்படி ஈரத்தில் வழுக்கி, தொடை எலும்பை உடைத்துக்கொண்டான். “வேற எவனாவது விழுந்திருந்தா சிரிச்சிருப்பேன்” என்று அழுதுகொண்டே சொன்னாள் நடுவாள். நர்சிங் கல்லூரியைச் சேர்ந்த அதே மருத்துவமனைதான் பக்கம். தொடையில் கம்பி வைத்தார்கள். அங்கே இருந்தவரை அவனைத் திருப்பிப் படுக்கவைத்தது அதே பெரிய சிஸ்டர். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். திருப்புகிற வேலை வேடிக்கை தலையில் வந்தது.

அவளுக்கு என்ன பயம், அதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியவள். முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்தாள். ஒரு கை தோளுக்குப் பின்னால், ஒரு கை இடுப்பில். எண்ணினாள். திருப்பினாள்.

அவன் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார்.

“என்னங்க, சரியாத்தானே செஞ்சேன்?”

“நீ சரியாத்தான் செஞ்ச. எனக்குத்தான் உயிர் போயிட்டு வந்துச்சு.”

மறுபடி செய்தாள். மறுபடி சத்தம். எந்தத் தப்பும் இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

“பெரிய சிஸ்டர் செய்யறப்ப வலிக்கலையா?”

“வலிக்கும். ஆனா இப்படி இல்ல.” அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன், வலியில் கொஞ்சம் அதிகமாகப் பேசினான். “அவங்க திருப்பறப்ப நான்தான் திரும்பறேன். நீ திருப்பறப்ப நீ மட்டும்தான் திருப்பற.”

வேடிக்கை படுக்கை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நடுவாளைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு வார்டுக்கு ஓடினாள். பெரிய சிஸ்டர் ஒரு வயதானவரைத் திருப்பப் போனார். வேடிக்கை இந்த முறை சிஸ்டரின் கையைப் பார்க்கவில்லை, படுத்திருந்தவரைப் பார்த்தாள். சிஸ்டர் கையை வைத்தார். வைத்துவிட்டு நின்றார். அந்தப் பெரியவர் மூச்சை விட்டார், தோள் ஒரு நூல் அளவு அசைந்தது. சிஸ்டரின் கை அதோடு சேர்ந்து போனது. அசையாதவரைக்கும் கையும் அசையவில்லை.

“சிஸ்டர், அவர் கிளம்பற வரைக்கும் காத்திருந்தீங்க.”

“அப்படியா? இல்லையே. எண்ணிட்டுத்தானே தூக்கினேன்?” என்றார் பெரிய சிஸ்டர்.

“பின்னே, அன்னிக்கு நான் அந்தப் பொண்ணை அவசரமாத் தூக்கறப்ப ஏன் என்னைத் தடுக்கல?”

சிஸ்டர் யோசித்தார். “அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா. ஜம்முனு திரும்பிடுச்சே.”

அங்கேதான் பிசகு. படுத்திருந்தவள் திடமான பெண். வேடிக்கையின் கை பட்டதுமே அவள் உடம்பு தானாகவே பாதி எழுந்துகொண்டது, அவளுக்கும் தெரியாமல், தூக்கினவளுக்கும் தெரியாமல். அப்படியென்றால் வேடிக்கை செய்த தப்பெல்லாம் தப்பாகவே இல்லை. தப்பு நடக்காத இடத்தில் யார் கை நீளும்?

அன்று இரவு வேடிக்கை சாப்பிடவில்லை. படுத்த படுக்கையில் இருந்தவன்தான் கேட்டான்.

“இப்ப என்ன ஆச்சு?”

“அந்த அத்தியாயம் தப்புங்க.”

“தேர்வு முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாமே. யாருக்குத் தெரியப்போகுது? என் தொடை எலும்பு போய் சாட்சி சொல்லுமா?”

“தேர்வு முடிஞ்சா அந்தப் பொண்ணுங்களை வார்டுக்கு அனுப்ப மாட்டாங்க. படத்தைப் பாத்துட்டு வந்து, உங்கள மாதிரி ஒருத்தரைத் தூக்குவாங்க. என்னை மாதிரி.”

அவன் கம்பி வைத்த தொடையைத் தடவிப் பார்த்தான். தன் உடம்பிலேயே அனுபவித்த வலி அது. “அப்போ சொல்லிடு” என்றான். “மேலயும் போகும்…” என்று ஆரம்பித்து, இந்த முறை முடிக்கவில்லை.

தேர்வு நாளன்று இரண்டு நாத்தனார்களும் வந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று கேள்விப்பட்டு, கடையைப் பூட்டிவிட்டுப் பெரியவளும், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நடுவாளும். கம்பூன்றிக்கொண்டு தம்பியும். நீண்ட மேஜை போட்ட அறை. அந்தப் பக்கம் நாலு பேர்: மண், வயலின், கணக்கு, நர்சிங் தலைவி. வேடிக்கை யாரைப் பார்த்து எழுதினாளோ அவர்களில் மூவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பல்கலைக்கழகம், வேறு ஆள் கிடையாது. சுவரோரம் பெரிய சிஸ்டரும் வந்து நின்றார்.

முதல் மூன்று அத்தியாயம் வழுக்கிக்கொண்டு போனது. மண்காரர் தண்ணீர்க் கதையைத் தானே சொல்லிச் சிரித்தார். “நல்லாத்தானே போகுது” என்று பெரியவளின் காதில் முணுமுணுத்தாள் நடுவாள். பெரியவளிடம் மட்டும் தம்பி ஏற்கனவே சொல்லியிருந்தான், என்ன நடக்கப்போகிறது என்று.

“நாலாவது அத்தியாயத்துக்கு வருவோம்” என்றார் நர்சிங் தலைவி. முகத்தில் ஒரு பூரிப்பு. “இதைப் பத்தி நான் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருக்கேன்.”

“மேடம், அந்த அத்தியாயம் தப்பு” என்றாள் வேடிக்கை.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க வேணும்னே செய்யற தப்பா?” என்றார் தலைவி. யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“இல்ல மேடம். இது தெரியாமச் செஞ்ச தப்பு. அதனாலதான் யாரும் தடுக்கல.”

நடந்ததைச் சொன்னாள். தன் வீட்டில் நடந்ததையும், வார்டில் பார்த்ததையும், ஒன்றுவிடாமல். தலைவியின் முகம் இறுகியது.

“உங்க வீட்டுக்காரருக்கு வலிச்சுதுங்கறது ஒரு ஆதாரமா? வலின்னா எல்லாருக்கும்தான் வலிக்கும். ஆரோக்கியமான ஒரு பொண்ணு உடம்பைத் தளர்த்திக்கிட்டுப் படுத்திருந்தா. அதுல என்ன குறை?”

“தளர்த்திக்க முடியாது மேடம். யாராலயும் முடியாது.”

“அதெல்லாம் முடியும்” என்றார் மண் பேராசிரியர். சொன்னவர் சும்மா இருக்கவில்லை. எழுந்து, கோட்டைக் கழற்றிவிட்டு, நீண்ட மேஜைமேல் ஏறி மல்லாந்து படுத்தார். மேஜை முனகியது. தண்ணீர்க் குவளைகளை வயலின்காரர் அவசரமாக ஒதுக்கினார்.

“பாருங்க, பொணம் மாதிரி கிடக்கேன். தூக்குங்க.”

வேடிக்கை அவர் தோளுக்கடியில் கையை மெல்ல நுழைத்தாள். நுழைத்தாள், அவ்வளவுதான், தூக்கவில்லை. பேராசிரியரின் தலை மேஜையைவிட்டு ஒரு சாண் எழுந்து நின்றது.

“சார், நான் இன்னும் தூக்கல.”

“தலையா? நான் தூக்கலையே.”

“தூக்கியிருக்கீங்க சார்” என்றார் கணிதப் பேராசிரியர், எட்டிப் பார்த்து.

“இருங்க, இன்னொரு வாட்டி.” கண்ணை மூடிக்கொண்டார். கை பட்டது. தலை எழுந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. “அட” என்றார் பேராசிரியர், எழுந்த தலையைக் கீழே வைக்க மறந்து.

நடுவாளால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அறை முழுக்கச் சிரிப்பு. “வயலினும் இப்படித் தானா எழுந்து வந்தா எனக்கு எவ்வளவு வேலை மிச்சம்” என்றார் வயலின் ஆசிரியர்.

சிரிக்காதவர் தலைவி ஒருவர்தான். மேஜைமேல் கிடந்த அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் வார்டில் நின்றவர். பிறகு சுவரோரம் திரும்பினார்.

“சிஸ்டர், நீங்க காத்திருக்கீங்களா?”

“எனக்குத் தெரியல மேடம். அவங்கதான் சொல்றாங்க” என்றார் பெரிய சிஸ்டர். “ஆனா புதுசா வர்ற பொண்ணுங்க தூக்கறப்ப, நோயாளி கத்துவாங்க. வார்டுல கொஞ்ச மாசம் இருந்தா கத்தறது நின்னுடும். எப்படி நின்னுதுன்னு நான் யோசிச்சதே இல்ல.”

எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் குடும்பத்தார் நாலு பேரும் நின்றார்கள். தம்பிக்கு உட்கார நாற்காலி இல்லை. பெரியவளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே நர்சிங் தலைவியின் குரல் உயர்ந்தது, இறங்கியது. கடைசியில் வேடிக்கையை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தவளைப் பெரியவள் மறித்தாள்.

“பாஸா?”

“இல்லக்கா. திருப்பிட்டாங்க. நாலாவதை முழுசாத் திரும்பச் செய்யணும்.”

“அப்போ அந்த ரூம்?”

“போச்சு.”

“வேலை?”

“அதுவும்தான்.”

“பின்னே என்னத்துக்குடி சிரிக்கிற?” என்றாள் நடுவாள்.

“பொண்ணுங்க வார்டுக்குப் போறாங்க அக்கா. படம் காட்டறதை நிறுத்திட்டாங்க. தலைவி மேடமே கையெழுத்துப் போட்டாங்க.”

பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கட்டிக்கொள்கிற வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. தம்பி மனைவியின் கலைந்திருந்த தோள்பட்டைத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். “வா, முதல்ல சாப்பிடு” என்றாள். ஆனால் அதற்கப்புறம் தையல் கடைக்கு வந்த ஒவ்வொருவரும், அளவு கொடுத்து முடிப்பதற்குள் இந்தக் கதையைக் கேட்காமல் போக முடியவில்லை. “எங்க தம்பி பொண்டாட்டி இருக்காளே, பாஸ் ஆக வேண்டிய பரிட்சையில, நான் எழுதினது தப்புன்னு எழுந்து நின்னு சொன்னவ” என்று ஆரம்பிப்பாள். ஃபெயில் ஆனதை ஒரு குடும்பம் இவ்வளவு பெருமையாக ஊரெல்லாம் சொன்னது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை. நடுவாள் டிக்கெட் கவுன்ட்டரிலேயே சொல்லி, வரிசையில் நின்றவர்களிடம் திட்டும் வாங்கினாள்.

வேடிக்கை பகலில் பழைய பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்தாள். மாலையில் வார்டு. தப்புச் செய்கிற வழி இங்கே உதவாது என்று தெரிந்துவிட்டது; பார்க்கிற வழியும் பாதிதான் உதவியது. வேறு வழி தேடினாள். பெரிய சிஸ்டர் நோயாளியின் முதுகில் கையை வைக்கும்போது, நோயாளியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, அந்தக் கைக்கும் முதுகுக்கும் நடுவில் தன் கையை வைத்தாள். மேலே சிஸ்டரின் கை. கீழே நோயாளியின் பாரம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாள்பட நாள்பட, பாரம் கிளம்பும் அந்த இடம் உள்ளங்கைக்குக் கிடைத்தது. பிறகு பயிற்சிக்கு வந்த பெண்களின் கைகளையும் அதேபோல நடுவில் வைக்கச் சொன்னாள். வார்டில் மாதக்கணக்கில் கழித்தால்தான் வரும் என்று இருந்த பக்குவம், அந்தப் பெண்களுக்குச் சீக்கிரமே வந்தது. நோயாளிகள் கத்துவது குறைந்ததை முதலில் கவனித்துச் சொன்னவர் வார்டைப் பெருக்கும் அம்மா.

இரண்டாவது தேர்வில் நர்சிங் தலைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இதுல தப்பு ஏதாவது இருக்கா?”

“இருக்கும் மேடம். இன்னும் தெரியல.”

“தெரிஞ்சதும் வந்து சொல்லுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குக் கூட்டம் அதிகம். கடையில் அளவு கொடுக்க வந்து கதை கேட்டவர்கள் சிலரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் வாசல்காரர் முழித்தார். “எல்லாரும் பொண்ணு வீடுதான், விடுங்க” என்றாள் பெரியவள்.

இப்போது வேடிக்கை அந்த நர்சிங் கல்லூரியில்தான் நிரந்தர வேலையில் இருக்கிறாள். காலையில் இரண்டாம் மாடி வார்டு, பெரிய சிஸ்டரோடு. மத்தியானத்துக்கு மேல் வகுப்பு.